வளருங் கணிப்பொறி

கணிப்பொறியில் ஆடப்பெறும் விளையாட்டுக்கள் பல திறத்தன. எதிரியை நொடிப்பொழுதேனும் முந்திச் சுடுதலையும், பந்தயத்தில் விரைந்தோடுதலையுமே பயனாகக் கொண்டவை ஒரு சாரன. கதையையே உயிராகக் கொண்டவை மற்றொரு சாரன. இப்பிற்கூறியவற்றுள் ஆடுவோன் தானும் ஒரு பாத்திரமாகிப் பிறரோடு உரையாடி, இருவழிகளுள் ஒன்றைத் தெரிந்து, தெரிந்ததன் பயனைத் தானே நுகர்ந்து, நெடுங்கதையொன்றின் முடிவு காண்கின்றான். போலந்து நாட்டுச் சி.டி. ப்ராஜெக்ட் ரெட் குழுவினர் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி விட்சர் 3' என்பதும், பெல்ஜியத்து லாரியன் குழுவினர் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' என்பதும் இவ்வகையிற் பெருங்காப்பியங்கள் எனலாம். சிறுகாப்பியமாக ஒன்று தமிழ் மாணவராகிய நமக்கு மிக அணித்தாக உளது. கனடாவின் டொராண்டோ நகரத்து விசை கேம்ஸ் குழுவினர் 2023-இல் வெளியிட்ட அதன் பெயர் 'வெண்பா'. யாப்பிலக்கணத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. கதைத்தலைவியின் பெயர் அது. கனடாவிற் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையலின் வாயிலாகச் சொல்லும் அவ்விளையாட்டில், தாய்வழி வந்த சமையற் குறிப்பேடு சிதைந்து கிடக்க, அழிந்த இடங்களை ஊகித்து இட்டிலியும் புட்டும் ஆக்குதலே ஆட்டம். செல்லரித்த ஏட்டில் விடுபட்ட சீரை ஊகித்து நிரப்பும் பதிப்பாசிரியர் தொழிலை இது பெரிதும் ஒத்திருக்கின்றது.

இத்தகைய விளையாட்டுக்களை ஆட விரும்பும் மாணவர் நம்மிடையே பலர். அதற்குரிய கணிப்பொறியை ஒரே முறையில் முழுமையாக வாங்கும் பொருளுடையார் மிகச் சிலர். பெற்றோர் அரிதின் ஈட்டியதோ, மாலைவேளையிற் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லித் தாமே சேர்த்ததோ ஆகிய ஒரு தொகை கையில் இருக்கும். அது தகுதியற்ற பொறியொன்றிற் சென்றுவிடின், பட்டம் பெறுங்காறும் மற்றொரு தொகை வாய்ப்பது அரிது. ஆதலின், இன்று சிறிதாகத் தொடங்கி, ஆண்டிற்கோர் உறுப்பாக மாற்றி வளர்த்துக்கொள்ளத்தக்க கணிப்பொறியை அமைக்குமாறு எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இலக்கணத்திற் சொற்களைப் பகுபதம் என்றும் பகாப்பதம் என்றும் பிரிக்கின்றோம். மடிக்கணினி பெரும்பாலும் பகாப்பதம் போல்வது. அதன் பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் பிரித்தெடுத்துப் புதியன இடுதல் இயலாது. வாங்கிய நாளில் எத்துணை ஆற்றல் இருந்ததோ அதுவே கடைசி நாளிலும் இருக்கும். மேசைக் கணிப்பொறியோ பகுபதம். 'நட' என்னும் பகுதி நின்றவாறே நிற்க, விகுதியும் இடைநிலையும் மாறி நடந்தான், நடப்பாள், நடக்கின்றனர் எனப் பல சொற்கள் பிறத்தல்போல, மேசைப்பொறியிலும் நிலைத்து நிற்பன சில, மாறிவருவன சில. கேபினெட் என்னும் பெட்டி, எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி, மதர்போர்டு என்னும் தாய்ப்பலகை ஆகிய மூன்றும் பகுதியின் இடத்தன. பிராசஸர், ராம் நினைவகம், கிராபிக்ஸ் கார்டு ஆகியவை விகுதியின் இடத்தன. குறைந்த பொருளுடையோன் விகுதியிற் சிக்கனஞ் செய்யலாம், பகுதியிற் செய்தலாகாது. நம் கடைவீதிகளில் 'கேமிங் பிசி' என்று கட்டி விற்கப்படும் மலிவான பொறிகளுட் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறாக அமைந்துள்ளமையே இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்குக் காரணம்.

வேறு வேறு நிறுவனத்தாருடைய உறுப்புக்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு அளவுப் பொதுமையே ஏது. 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் ஏடிஎக்ஸ் என்னும் அளவுமுறையை வகுத்தனர். தாய்ப்பலகையின் திருகுத் துளைகள் எங்கிருத்தல் வேண்டும், மின்வழங்கியின் இணைப்பு எவ்வடிவினது என்பனவெல்லாம் அதனுள் அடங்கும். அம்முறை, சிற்சில திருத்தங்களோடு, இன்றும் வழங்குகின்றது. கார்டுகளைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் வாயிலும் அத்தகையதே. பழைய வாயிலிற் புதிய கார்டும், புதிய வாயிலிற் பழைய கார்டும் பெரும்பாலும் இயங்கும். அலுவலகங்களிற் கழித்து விற்கப்படும் பழம்பொறிகளை வாங்குவோர் இவ்விடத்திலே கருத்தூன்றுதல் வேண்டும். அவற்றுட் சில, தம் நிறுவனத்திற்கே உரிய வடிவிற் பலகையும் மின்வழங்கியும் கொண்டவை, மெலிந்த பெட்டியுடையன. கடையிற் கிடைக்கும் பொது உறுப்பு எதுவும் அவற்றிற் பொருந்தாது.

இனி, கதை விளையாட்டிற்கு வேண்டும் ஆற்றல் எவ்வளவு என்பதை நோக்குவாம். திரையிற் காணும் அசைவு உண்மையில் நொடிதோறும் வரையப்படும் பல தனிப்படங்களின் தொகுதியே. நொடிக்கு 60 படம் வரைய, ஒவ்வொன்றிற்கும் கிடைக்குங் காலம் ஏறக்குறைய 16.7 மில்லிநொடி; 144 படமாயின் 7 மில்லிநொடிக்கும் குறைவு. போட்டி விளையாட்டில் வெற்றி தோல்வி இச்சிறு காலத்திலேயே அமைதலின், அதனை ஆடுவோர் 144-உம் அதற்கு மேலும் நாடுவர். கதை விளையாட்டிலோ ஒரு முதியவள் தன் மகனை இழந்த செய்தியைக் கூற நாம் கேட்டு நிற்கின்றோம். அங்கே 40 முதல் 60 வரை இருப்பின் எக்குறையும் தோன்றாது. திரையின் அளவிலும் இவ்வாறே சிக்கனத்திற்கு இடம் உண்டு. 1920-க்கு 1080 என்னுந் திரையில் 20,73,600 புள்ளிகள் உள. 3840-க்கு 2160 என்னுந் திரையில் 82,94,400, அதாவது சரியாக நான்கு மடங்கு. அந்நான்கு மடங்கு உழைப்பையும் கிராபிக்ஸ் கார்டே ஏற்றல் வேண்டும். ஆகவே முன்னையதை மேற்கொண்டு, நிறந்திரியாத ஐபிஎஸ் வகை மானிட்டர் ஒன்று வாங்குவதே மாணவர்க்குத் தகும். அன்றியும், சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் முதலிய உபாயங்கள் இப்பொழுது பல விளையாட்டுக்களில் உள்ளன. பிந்தியதை ஏஎம்டி நிறுவனத்தார் 2021-இல் வெளியிட்டபொழுது, பிறர் செய்த கார்டுகளிலும் பழைய கார்டுகளிலும் இயங்குமாறு விட்டமை ஏழை மாணவர்க்குப் பெரியதோர் உதவி.

கதை விளையாட்டிற்கு மற்றொரு நற்குணம் உண்டு. போட்டி விளையாட்டை நண்பர் ஆடுங்காலத்திலேயே ஆடுதல் வேண்டும், கதையோ காத்திருக்கும். சிலப்பதிகாரத்தைப் பிந்திக் கற்றோம் என்று வருந்துவார் யார்? 2015-இல் வெளிவந்ததை இன்று ஆடுவோனுக்கு அதன் விலையுங் குறைவு, அது வேண்டும் பொறியும் எளிது. 'வெண்பா', 2019-இல் வந்த 'டிஸ்கோ எலிசியம்', 2017-இல் வந்த 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச்' ஆகியவற்றிற்குத் தனிக் கிராபிக்ஸ் கார்டே வேண்டா. இக்காலத்துப் பிராசஸர் சிலவற்றினுள்ளே அமைந்த வரைதிறனே போதும். பெரியவற்றின் நிலை வேறு. 2019-இல் கணிப்பொறிக்கு வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2', முற்கூறிய 'பால்டர்ஸ் கேட் 3' ஆகிய இரண்டும் தனித்தனியே 150 ஜிபி இடம் கொள்வன. 2024 டிசம்பரில் வெளிவந்த 'இந்தியானா ஜோன்ஸ்' என்னுங் கதை விளையாட்டு, ஒளிக்கதிரின் போக்கைக் கணிக்கும் உறுப்பு கார்டினுள்ளே இல்லாதவழித் தொடங்கவே மாட்டாது. 8 ஜிபி நினைவுள்ள கார்டும் 16 ஜிபி ராமும் அதற்குக் கீழெல்லை. இவ்வொன்றால், பழைய கார்டு எத்துணை வலியதாயினும் ஓர் எல்லையில் நின்றுவிடும் என்பது பெறப்படும்.

இப்பொழுது கடைவீதிப் பொறிக்கு வருவாம். வானவில்போல் ஒளிரும் விசிறிகள், கண்ணாடிப் பக்கம், 'ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி' என்ற சீட்டு, மனங்கவரும் விலை: இவ்வளவுங் கண்டு, எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் இரண்டாண்டு சேர்த்த பணத்தைக் கொடுத்து ஒன்று வாங்கினார். திறந்து பார்த்தபொழுது உள்ளே இருந்தது 2012-ஆம் ஆண்டிற்குரிய மூன்றாந் தலைமுறை ஐ7. அதனைத் தாங்கிய பலகை, 2011-இல் இன்டெல் வெளியிட்ட எச்61 என்னும் இணைப்புத்தொகுதியின்மேற் புதிதாகச் செய்யப்பட்டது. பலகை புதிது, அமைப்போ பழமையானது. ஏவிஎக்ஸ்2 என்னுங் கட்டளைத்தொகுதி இன்டெல் பிராசஸர்களில் 2013-ஆம் ஆண்டிலேதான் புகுந்தது. அஃதில்லாத பிராசஸரில் அண்மைக்காலத்து விளையாட்டுச் சில தொடக்கத்திலேயே நின்றுவிடும். விண்டோஸ் 11 எட்டாந் தலைமுறைக்கு முந்திய இன்டெல் பிராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. ராம் டிடிஆர்3 வகையினது. புதிய பலகைக்கு அது பொருந்தாது. அவர் அப்பொறியை வளர்க்க எண்ணியபொழுது, எஸ்எஸ்டி ஒன்று தவிர எடுத்துச் செல்லத்தக்கது யாதும் இல்லை. விளக்குகள் மட்டும் நன்றாக எரிந்தன.

இவ்வேமாற்றத்தினின்று தப்புதற்கு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வதே வழி. ஐ3, ஐ5, ஐ7 என்பன தரப்பெயர்களே அன்றித் தலைமுறையைக் காட்டா. அவற்றிற்குப் பின் வரும் எண்ணில் இறுதி மூன்றிலக்கத்தை நீக்கின் எஞ்சுவது தலைமுறை: 3470 என்பது மூன்றாவது, 12400 என்பது பன்னிரண்டாவது. பன்னிரண்டாந் தலைமுறை ஐ3, மூன்றாந் தலைமுறை ஐ7-ஐ எளிதில் விஞ்சும். முழு எண்ணையும் சீட்டில் எழுதாத கடையில், அதனை எழுதித் தருமாறு கேட்டல் வேண்டும். எழுதித் தர மறுப்பின் அதுவே விடை.

பகுதிகளுள் முதலாவதாகிய தாய்ப்பலகையின் உயிர்நிலை சாக்கெட் என்பது. பிராசஸர் அமருங் குழி அது. பகுதியையும் விகுதியையும் கூட்டும் சந்தி என்று அதனைச் சொல்லலாம். ஒரே குழியில் எத்தனை தலைமுறைப் பிராசஸர்கள் அமரக்கூடும் என்பதே பொறியின் வளர்ச்சிக்கு அளவுகோல். ஏஎம்டி நிறுவனத்தாரின் ஏஎம்4 குழி 2016-இல் தோன்றியது. 2017-இல் வாங்கப்பட்ட பலகைகள் பலவற்றில், பலகைக்குள் உறையும் பயாஸ் நிரலைப் புதுப்பித்தபின், 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி என்னும் பிராசஸரை இட முடிந்தது. ஐந்தாண்டு கழித்தும் பலகை மாறாது பொறி பன்மடங்கு விரைந்தமை கணிப்பொறி வரலாற்றில் அருகிய நிகழ்ச்சி. இன்டெல் நிறுவனத்தாரின் வழக்கம் இதற்கு வேறு. 2015-இல் வந்த அவர்தம் குழியும், 2017 இறுதியில் வந்த எட்டாந் தலைமுறைக்குரிய குழியும் கண்ணுக்கு ஒன்றே. துளையெண்ணும் 1151 என ஒன்றே. ஆயினும் பழைய பலகையில் அப்பிராசஸரை அவர்கள் ஏற்கவில்லை. பின் வந்த 1700 குழி, 2021 முதல் 2023 வரை மூன்று தலைமுறைகளைத் தாங்கி ஓய்ந்தது. 2024-இல் வேறு குழி வந்துவிட்டது.

ஆகவே இன்று புதிதாகத் தொடங்குவோர் 2022-இல் தோன்றிய ஏஎம்5 குழியை மேற்கொள்ளுதல் நன்று என்பது என் துணிபு. ரைசன் 7000, 8000, 9000 என மூன்று வரிசைகள் அதிற் பொருந்தும். 2027-ஆம் ஆண்டு வரையிலும் அதற்கப்பாலும் அதனை ஆதரிப்போம் என்று ஏஎம்டி நிறுவனத்தார் அறிவித்துள்ளனர். பலகைகளுள் மிகத் தாழ்ந்த ஏ620 வகையை விடுத்து, பி650 அல்லது பி850 வகையில், பிராசஸரைச் சூழ்ந்துள்ள மின்சீராக்கிகளின்மேல் வெப்பந் தணிக்கும் உலோகக் கட்டிகள் உடையதாகவும், பிராசஸர் இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உடையதாகவும் பார்த்துக்கொள்க. அப்பொத்தான் இல்லையேல், பிற்காலத்துப் பிராசஸரை வாங்கி வந்து பழைய பலகையில் இடுங்கால் திரை இருண்டு நிற்க, பழைய பிராசஸர் ஒன்றை இரவல் தேடி அலைய நேரும். மிகக் குறைந்த பொருளுடையார் ஏஎம்4 குழியில், ஆறு உட்கருக்கள் கொண்ட ரைசன் 5 5600-ஐ வாங்குதலுங் கூடும். அது குறையுடைய பொறியன்று. ஆயின் அக்குழியிற் புதிய தலைமுறை இனிப் பிறவாது. கார்டை மாற்றலாமே தவிர, அப்பொறியின் வளர்ச்சி பெரும்பாலும் அவ்வளவே.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லல் வேண்டும். ஏனெனின் யாவரும் கடைசியில் நினைப்பதும், கடைக்காரர் பெட்டியோடு இலவசமாகச் சேர்த்துத் தருவதும் அதுவே. வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12 வோல்ட் முதலிய நேர்மின்சாரமாக்கி எல்லா உறுப்புக்களுக்கும் பகிர்வது அதன் தொழில். பிராசஸரும் கார்டும் 12 வோல்ட் வழியிலேயே ஏறக்குறைய முழுவதும் பெறுகின்றன. மலிவான மின்வழங்கியின் சீட்டில் 500 வாட் என்றிருக்கும். 12 வோல்ட் வரிசையில் மட்டும் அது எவ்வளவு தரும் என்று பார்ப்பின் உண்மை விளங்கும். அது கெடுங்கால் தான் மட்டுங் கெடாது, பலகையையும் கார்டையும் உடன்கொண்டு போதலும் உண்டு. '80 பிளஸ்' என்னும் முத்திரை, வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாது பயன்படுகின்றது என்பதைக் காட்டுவது. பாதுகாப்பிற்கு அது முழுச்சான்று அன்று. எனினும் முத்திரையே இல்லாததை ஒதுக்கிவிடலாம். நிறுவனத்தார் ஐந்தாண்டோ ஏழாண்டோ உத்தரவாதம் தருகின்றனரா என்பது அதனினும் நல்ல உரைகல்.

கணக்கு எளிது. ரைசன் 5 7600 முழுவிசையில் ஏறக்குறைய 88 வாட் கொள்ளும். 170 வாட் கார்டு ஒன்று, விசிறியும் எஸ்எஸ்டியும் பலகையும் சேர்ந்து 50 வாட் எனக் கொள்ளின், கூட்டுத்தொகை 308. இன்றைக்கு 450 வாட் போதுமே என்று தோன்றும். ஆயின் மூன்றாண்டு கழித்து 250 வாட் கார்டு இட எண்ணினால் அதே மின்வழங்கி தடையாகும்; கார்டுகள் கணநேரத்திற்குத் தம் அளவினும் மிகுதியாக இழுத்தலும் உண்டு. ஆதலின் முதலிலேயே 650 வாட் வாங்குவது சிக்கனம். கழற்றி மாட்டும் கம்பிகளை உடைய மின்வழங்கிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை: ஒன்றன் கம்பியை மற்றொன்றில் மாட்டலாகாது. முனை வடிவு ஒத்திருப்பினும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறுபடும். மாற்றி மாட்டிய அளவில் எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் எரிந்துபோகக் கூடும். நம் ஊர்களில் மின்சாரம் நின்று நின்று வருதலின் யுபிஎஸ் வாங்குவோரும், 600 விஏ என்று எழுதியது பெரும்பாலும் 360 வாட்டே தரும் என்பதை மேற்கண்ட 308-உடன் மானிட்டரையும் கூட்டி ஒப்பிட்டுப் பார்க்க.

பெட்டியைப் பற்றி நீளச் சொல்ல வேண்டா. முன்பக்கம் கண்ணாடியாக மூடப்படாது வலைத்துளைகள் உடையதாக இருத்தல் வேண்டும்; சித்திரை வைகாசி வெயிலில் அறையின் காற்றே கொதிக்கும் நம் நாட்டில், அக்காற்றேனும் உள்ளே புகாவிடின் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிற்காலத்து நீண்ட கார்டு அடங்கும் நீளமும் உண்டா என்று அளந்து கொள்க.

இனி விகுதிகள். கிராபிக்ஸ் கார்டில் முதலில் நோக்கத்தக்கது அதன் சொந்த நினைவகம். கதை விளையாட்டுக்களின் காடும் நகரும் முகங்களும் அந்நினைவகத்திலேயே தங்குகின்றன. அது போதாதாயின் காட்சி இடறும், அல்லது முகங்கள் மெழுகுபோல மங்கும். இன்று 8 ஜிபி கீழெல்லை. 12-ஓ 16-ஓ ஆயின் நெடுநாள் உழைக்கும். ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 என்பது 2021-இல் வந்தது, 8 ஜிபி, 132 வாட்டே கொள்வது. பழையதாயினும் ஏழைக்கு நல்லது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபியோடு 170 வாட். இன்டெல் 2024 இறுதியில் வெளியிட்ட ஆர்க் பி580, 12 ஜிபியோடு 190 வாட். ஆனால் பிராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒருங்கே அணுகும் வசதி பலகையில் இல்லாவிடின் அது சோர்ந்துவிடும், ஆகவே பழம்பொறிக்கு உதவாது. 2025-இல் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி என்பதில் 8 ஜிபி, 16 ஜிபி என இருவகை உள. பெயர் ஒன்றாயிருத்தலின் பெட்டியை உற்று நோக்குக. 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்பதை மட்டும் நான் யார்க்கும் சொல்ல மாட்டேன்: நினைவகம் 4 ஜிபி, பலகையோடு பேசும் வழிகளும் நான்கே. பழம்பலகையில் அதன் தளர்ச்சி வெளிப்படையாகத் தெரியும்.

பழைய கார்டை வாங்குதல் இழுக்கன்று. எதீரியம் என்னும் மறைநாணயத்தை அகழ்வதற்கு இரவுபகலாக உழைத்த கார்டுகள், 2022 செப்டம்பரில் அம்முறை ஒழிந்தபின் திரளாகச் சந்தைக்கு வந்தன. அவற்றுள் இன்றும் நன்றாக இயங்குவன பல. விற்போன் எதிரில் அரைமணி நேரமேனும் கனத்த விளையாட்டு ஒன்றை ஓட்டி, விசிறியின் ஒலியையும் வெப்ப எண்ணையும் பார்த்து வாங்குதல் வேண்டும். ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படுவனவற்றில் ஒரு நுட்பம் உண்டு: 2017-இல் வந்த முதல் வகையில் 2304 கணிப்பலகுகள், பின் சீனச் சந்தைக்கென வந்த வகையில் 2048 மட்டுமே. பெயர் ஒன்று, பொருள் வேறு. நன்னூலார் இதனைப் பலபொருள் ஒருசொல் என்று ஏற்பாரோ அறியேன், வாங்குவோன் ஏற்கலாகாது.

ராம் 16 ஜிபி வேண்டும். 2025-ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை அறிவுக்கென எழுப்பப்படும் பெருங்கணிப்பொறிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டமையால் அதன் விலை மிகவும் ஏறிற்று. ஆதலின் இவ்வுறுப்பில் மிகையை விரும்பாது, அன்றைய விலையைக் கேட்டறிந்து தேவையளவே வாங்குக. தனிக் கார்டு உடையோர் 16 ஜிபித் துண்டு ஒன்றை இட்டு, விலை இறங்கியபின் அதற்கு இணை சேர்க்கலாம். சிறிது வேகமே குறையும். தனிக் கார்டின்றித் தொடங்குவோர்க்கு அங்ஙனம் அன்று. பிராசஸருக்குள்ளிருக்கும் வரைதிறன் ராமையே தன் நினைவகமாகக் கொள்ளுதலின், 8 ஜிபித் துண்டுகள் இரண்டாக இட்டு இருவழிகளையும் திறந்து வைத்தாலன்றி அதன் வேகம் பெரிதும் குன்றும். எஸ்எஸ்டி 1 டிபி கொள்க. மேற்கூறிய 150 ஜிபி விளையாட்டுக்களில் ஐந்தோ ஆறோ அதில் அடங்கும். பலகையில் எம்.2 வாயில் இரண்டு இருப்பின் மற்றொன்று பின்னர்ச் சேர்க்கலாம்.

லூக்கா சுவிசேஷத்தில், கோபுரங் கட்டத் தொடங்கி முடிக்கவியலாது நகைக்கப்பட்டவனைப் பற்றிய உவமையை நாம் கேட்டிருக்கின்றோம். கணிப்பொறி கட்டுவோனுக்கு ஒரு சலுகை உண்டு: அவன் முதற்றளத்திலேயே குடிபுகலாம். மானிட்டர் நீங்கலாகக் கையிலுள்ள தொகையை நூறு கூறாக்கின், பலகைக்கும் மின்வழங்கிக்கும் பெட்டிக்குமாக முப்பத்தைந்து முதல் நாற்பது கூறு ஒதுக்குக என்பேன். கடையில் இதனைக் கேட்போர் நகைப்பர்; 'அப்பணத்திற் பெரிய கார்டு போடலாமே தம்பி' என்பர். அவர்கள் சொல்வதும் முற்றும் பொய்யன்று. அன்று மாலை ஆடும் ஆட்டம் அவர்கள் வழியில் அழகாகவே இருக்கும். பொறியை வளர்க்கும் எண்ணம் இல்லாதார்க்கு அவர்கள் வழியே வழி.

வளர்க்க எண்ணுவோர் செல்லும் முறை இது. முதலாண்டிற் பி650 பலகை, 650 வாட் எஸ்எம்பிஎஸ், காற்றோட்டமுள்ள பெட்டி, 2024-இல் வந்த ரைசன் 5 8600ஜி, இரு துண்டாக 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி. கார்டு இல்லை. இப்பொறியில் 'வெண்பா'வும் 'டிஸ்கோ எலிசியம்' என்பதும் குறைவின்றி நடக்கும். 'தி விட்சர் 3' என்பதைக் காட்சி அமைப்பைத் தாழ்த்தி ஆடலாம். அதுவே ஓராண்டிற்குப் போதிய கதை. இவ்விடத்தில் விலை சிறிது குறைவென்று 8500ஜி வாங்குவார் உளர். அதில் தனிக் கார்டிற்கென விடப்பட்ட வழிகள் நான்கே, 8600ஜி-யிலோ எட்டு. பின்னர்க் கார்டு இட எண்ணுவோன் அச்சிறு தொகையைப் பொருட்படுத்தலாகாது. இரண்டாம் ஆண்டிற் கார்டு ஒன்று, பழையதோ புதியதோ, சேர்ந்த பணத்திற்கேற்ப. 'பால்டர்ஸ் கேட் 3' என்பதற்கு அப்பொழுது கதவு திறக்கும். அதன் மூன்றாம் அங்கத்தில் வரும் பெருநகரத்தில் மாந்தர் திரளாக இயங்குதலின், கார்டு வலியதாயினும் பிராசஸர் திணறும். அத்திணறல் கண்ட பின்னரே மூன்றாம் ஆண்டில் பிராசஸரை மாற்றுதல் பற்றி எண்ணுக. அதற்கு முன் எண்ணுதல் வீண்செலவு.

வாங்கும்பொழுது பட்டியலோடு செல்லுதல் நன்று. சென்னையில் அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவிற் கடைகள் நெருங்கியுள்ளமையால், ஒரே பட்டியலை நான்கு கடைகளிற் கொடுத்து உறுப்புத்தோறும் விலை எழுதி வாங்கலாம். ஒரே உறுப்பின் பெயரை ஒரு கடையிற் சுருக்கியும் மறுகடையில் விரித்தும் எழுதுவர். மாதிரி எண்ணைக் கொண்டே ஒப்பிடுக. பில் இல்லாமல் தந்தால் வரியாகிய 18 விழுக்காடு மிச்சம் என்று சொல்வோரும் உளர். மூன்றாண்டு உத்தரவாதமுள்ள கார்டு இரண்டாம் ஆண்டிற் கெட்டால் சேவை நிலையத்தார் முதலிற் கேட்பது அப்பில்லையே. உறுப்புக்களின் வரிசை எண்கள் பில்லில் எழுதப்பட்டிருத்தலும் வேண்டும். காலிப் பெட்டிகளையும் எறிந்துவிடாது கட்டிற்கீழ் வைத்திருக்க. மூன்றாம் ஆண்டிற் கழற்றிய 8600ஜி-யைத் தன் பெட்டியோடும் பில்லோடும் கொடுப்பின், கார்டு வாங்க இயலாத முதலாண்டு மாணவன் ஒருவனுக்கு அதுவே தொடக்கமாகும். அவன் தருந் தொகை நமது ராமிற்கு இணைத்துண்டு வாங்க உதவும்.